ஷின்சானின் தங்கை ஏன் காணாமல் போகிறாள்?

தொடக்கக் கேள்வி, ஆத்தூர் வாசகி ஒருவர், 2024 ஏப்ரல் 27

என் மகளுக்கு ஆறு வயது. விடுமுறை விட்டதிலிருந்து வீட்டில் எந்நேரமும் ஷின்சான் கார்ட்டூன்தான். நானும் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அவனுக்குத் தங்கை இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை இல்லை. புதன்கிழமை அவன் அம்மா நிறைமாதமாக நடக்கிறாள். வியாழக்கிழமை தங்கை மறுபடி தவழ்ந்துகொண்டிருக்கிறாள். வீடும் இப்படித்தான். ஒரு நாள் மாடி வீடு, ஒரு நாள் இடிந்து விழுகிற மாதிரி ஓர் அறை. எழுதுகிறவர்களுக்கே தங்கள் கதை நினைவில் இல்லையா? இவ்வளவு பிழையுள்ள தொடர் எப்படி இத்தனை வருடம் ஓடுகிறது?

ஏப்ரல் 28, இரவு 10.40

எழுதியவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நமக்குத்தான் வரிசை கலைந்து வருகிறது.

ஜப்பானில் இந்தத் தொடர் 1992 ஏப்ரல் 13-ஆம் தேதி தொடங்கியது. தங்கை ஹிமாவாரி பிறந்தது 1996 செப்டம்பரில். இடையில் ஏறக்குறைய நாலரை வருடம் வாரா வாரம் தங்கை இல்லாத கதைகள் வந்திருக்கின்றன. அந்தக் கதைகளையும் பிறகு வந்தவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்துக்கொண்டு, கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால் நீங்கள் சொன்ன திங்கள், செவ்வாய், புதன்தான் கிடைக்கும். கர்ப்பமாக இருக்கும் பகுதிகள் 1996-ல் வந்தவை. அவை உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக, அழகாகப் போகின்றன. வயிறு வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது.

ஓர் அறை வீடும் பிழை இல்லை. 2001-ல் எரிவாயு வெடித்து அவர்கள் வீடு தரைமட்டமாகிறது. புது வீடு எழும்பும்வரை குடும்பம் ஒரு பழைய குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் அது ஒரு பெரிய தொடர்கதை. வரிசை தெரியாமல் பார்த்தால், நேற்று இருந்த வீட்டை யாரோ தூக்கிப் போய்விட்டது போல இருக்கிறது.

பழியை எழுதியவர்கள்மேல் போடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன்.

ஏப்ரல் 28, இரவு 11.05

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. நான் யார், எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் ஜோடி பார்க்கும் வேலை எனக்கு. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. இரண்டிலும் மணி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், பற்றவைத்த இடம் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும், எடை ஒத்துப்போக வேண்டும். ஒரு கொலுசில் மணி ஒன்று குறைந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். பதினெட்டு வருடமாக இதே வேலை. பட்டறையில் மாலை நேரத்தில் டிவி ஓடும், முதலாளியின் பேரப் பிள்ளைகளுக்காக. கையில் கொலுசும் எதிரில் ஷின்சானும். பொருந்தாதது எதுவாக இருந்தாலும் என் கண்ணில் படும். அப்படித்தான் இந்தத் தொடருக்குள் போனேன். பிறகு வீட்டில் இரவு நேரங்களில் ஜப்பானிய ஒலியோடும் பார்க்க ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 30

ஒருவர் கேட்கிறார்: "வரிசை சரி, ஆனால் 1992-ல் ஐந்து வயது என்றால் இப்போது அவனுக்கு முப்பத்தேழு வயது ஆகியிருக்க வேண்டுமே?"

ஆகாது. இந்தத் தொடரின் முதல் விதியே அதுதான். ஷின்சானுக்கு ஐந்து. அம்மாவுக்கு 29. அப்பாவுக்கு 35. வீட்டுக் கடன் பாக்கி இன்னும் 32 வருடம். எத்தனை சம்பளம் வாங்கினாலும் அந்த 32 குறைவதே இல்லை. கோடை வருகிறது, பனி விழுகிறது, புத்தாண்டுக்கு மறு புத்தாண்டு வருகிறது, ஆனால் யாருக்கும் ஒரு வயது கூடுவதில்லை. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் முருங்கை மரத்துக்கே திரும்புவது போல, இவர்களும் ஒவ்வொரு வாரமும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

ஜப்பானில் இது பழைய வழக்கம். சசாயே சான் என்ற குடும்பத் தொடர் 1969 அக்டோபரிலிருந்து ஓடுகிறது, அங்கேயும் யாருக்கும் வயது ஏறாது. அங்கே பார்க்கிறவர்கள் இதைப் பிழையென்று எண்ணுவதில்லை. நாம்தான் தலைமுறை தாண்டுகிற மெகா தொடர் பார்த்துப் பழகிவிட்டோம்.

மனிதர்கள் நிற்கிறார்கள், பொருள்கள் நகர்கின்றன. அதுதான் எனக்குப் பிடித்தது. பழைய பகுதிகளில் கம்பி வைத்த தொலைபேசி, பெட்டி போன்ற டிவி. புதியவற்றில் கைப்பேசி, சுவரோடு ஒட்டிய டிவி. அதே ஐந்து வயதுப் பையன் இரண்டின் முன்னாலும் உட்கார்ந்து அதே பிஸ்கட்டைத் தின்கிறான். காலம் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறது. இந்த முப்பது வருடத்தில் காலம் அவனைத் தொட்டது ஒரே ஒரு முறை, தங்கை பிறந்தபோது.

மே 1

"ஒரே ஒரு முறை" என்று நேற்று எழுதியது தவறு. காலையில் பல் துலக்கும்போதே உறைத்தது. பாலர் பள்ளி ஆசிரியை யோஷினாகாவுக்குக் கல்யாணம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் கல்யாணமானவராகவே இருக்கிறார். அதுவும் காலம் நகர்ந்ததுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் கனமானது. மூலமான படக்கதைப் புத்தகத்தில் அதே பள்ளியின் மாட்சுசாகா டீச்சரின் காதலர் வெளிநாட்டில் குண்டுவெடிப்பில் இறந்துபோகிறார். டிவித் தொடரில் அவரைச் சாகவிடவில்லை. ஆகவே புத்தகம் படித்தவருக்கும் டிவி பார்த்தவருக்கும் அந்த டீச்சர் இரண்டு வெவ்வேறு பெண்கள். ஒரு வாரம் அவர் சிரித்துக்கொண்டு வகுப்புக்கு வரும்போது, எனக்குத் தெரிந்ததை அந்தப் பாத்திரம் அறியாது என்ற எண்ணம் மனதைப் பிசையும். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறுவர்கள் பார்க்கும் நேரத்துக்காக இரக்கப்பட்டு விட்டிருக்கிறார்கள்.

மே 4

இப்போது நிஜமான பொருந்தாமைகள். இவற்றைச் செய்தவர்கள் ஜப்பானில் இல்லை.

இந்தியாவுக்கு இந்தத் தொடர் 2006-ல் வந்தது. பையன் கால்சட்டையை அவிழ்த்துப் பின்புறத்தைக் காட்டி ஆடுகிறான், பெரியவர்களிடம் வாய்த்துடுக்காகப் பேசுகிறான் என்று பெற்றோர்கள் புகார் செய்து, 2008-ல் நிறுத்தப்பட்டு, மறு ஆண்டு வெட்டுகளோடு திரும்ப வந்தது. வெட்டு என்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். ஒட்டு தெரிகிறது. பையன் கதவருகில் நிற்கிறான். அடுத்த நொடி அறை நடுவில் இருக்கிறான், அம்மா கையை ஓங்கிக்கொண்டிருக்கிறாள், அவன் தலையில் கொழுக்கட்டை அளவுக்கு வீக்கம். என்ன செய்தான், ஏன் அடித்தாள் என்பதே இல்லை. குழந்தைகள் பார்ப்பது காரணமில்லாத அடி. இதை யோசித்துப் பாருங்கள். அவனுடைய குறும்பு தவறான முன்மாதிரி என்று அதை எடுத்துவிட்டோம், அடியை மட்டும் விட்டுவைத்தோம்.

அடுத்தது அப்பாவின் ஜூஸ். வேலை முடிந்து, குளித்து, தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்து ஒரு குவளை ஊற்றுகிறார். மேலே இரண்டு விரற்கடை நுரை. குடித்ததும் மூக்கும் கன்னமும் சிவக்கிறது, பேச்சு குழறுகிறது. நம் மொழிக் குரலில் அது ஜூஸ். பட்டறையில் கம்பி இழுக்கும் பெரியவர் ஒருவர், வயது எழுபது, கொலுசுக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, அந்த ஜூஸ் எந்தக் கடையில கெடைக்குதுங்க?" அன்று பட்டறையே சிரித்தது. எனக்கோ வருத்தமாகவும் இருந்தது. அந்தக் குவளைதான் அந்த மனிதரின் நாள் முழுவதற்குமான ஒரே ஆறுதல். நெரிசல் ரயில், மேலதிகாரி, 32 வருடக் கடன், பிறகு அந்தக் குவளை. ஜூஸ் என்றதும் அவர் களைப்பே கதையிலிருந்து காணாமல் போகிறது.

பெயர்களும் அப்படித்தான். அப்பா ஹிரோஷி நமக்கு ஹாரி ஆனார், அம்மா மிசாயே மிட்சி ஆனாள். ஷின்சானும் அவன் நண்பன் கஸாமாவும் ஜப்பானியர்களாகவே இருக்க, பெற்றோர் மட்டும் வேறு தேசத்தவர் போல. நான் இங்கே ஹாரி, மிட்சி என்றே எழுதுகிறேன், எல்லோருக்கும் புரிவதற்காக.

மே 5

இன்று மே 5. ஜப்பானில் சிறுவர் நாள். ஆண் பிள்ளை உள்ள வீட்டில் மீன் வடிவத் துணிக்கொடிகளைக் கம்பத்தில் கட்டிப் பறக்கவிடுவார்கள். தொடரில் வானத்தில் மீன் நீந்துவதைப் பார்த்தால், அது கனவுக் காட்சி என்று நினைக்க வேண்டாம்.

இந்த இழையில் பிழை பிழை என்று பேசப்படுவதில் பாதி இந்த மாதிரிதான். நமக்குப் பழக்கமில்லாத வழக்கம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று திறந்துகொள்கிறது. மார்ச் 3-ஆம் தேதி பெண் பிள்ளைகளுக்கான திருவிழா. சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, பரிவாரம் என்று பொம்மைகளை அடுக்குகிறார்கள். நவராத்திரி கொலு வைக்கும் வீட்டில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கமே தேவையில்லை. திருவிழா முடிந்ததும் பொம்மைகளை உடனே எடுத்து வைக்காவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. என் பாட்டி கேட்டிருந்தால் "அப்படித்தான், பின்னே?" என்றிருப்பார்.

மிட்சி சமையலறையில் எங்கெங்கோ ஒளித்து வைக்கிற பணம் இருக்கிறதே, நம் பெண்களின் சிறுவாடு அது. அச்சு அசலாக அதேதான். ஹாரி எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாறுகிற போனஸ் கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை வரும். நமக்குத் தீபாவளிக்கு ஒன்று. ஆகவே ஒரே வருடத்தில் இரண்டு போனஸ் கதை வருவதும் பிழை இல்லை.

பிப்ரவரித் தொடக்கத்தில் வறுத்த சோயாபீன்ஸை வீசி "பேயே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா" என்று கத்துகிறார்கள். அப்பா பேய் முகமூடி போட்டு அடி வாங்குவார். வீசி முடித்த பிறகு அவரவர் வயது எத்தனையோ அத்தனை விதைகளை எண்ணித் தின்ன வேண்டும். இந்த வழக்கத்தைப் படித்த அன்று கொலுசு எண்ணும் கையை நிறுத்தி யோசித்தேன். எத்தனை பிப்ரவரி வந்தாலும் ஷின்சானுக்கு ஐந்து விதைதான்.

மே 9

பெயர்களுக்குள் ஒளிந்திருப்பவை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

பாலர் பள்ளித் தலைமையாசிரியர் பார்ப்பதற்கு அடியாள் கூட்டத் தலைவர் போல இருப்பார். கறுப்புக் கண்ணாடி, முகத்தில் தழும்பு, உள்ளே பூப்போன்ற மனம். பிள்ளைகளே அவரைக் கண்டு நடுங்குவார்கள். நமக்கு அந்த நகைச்சுவை முகத்தோடு முடிந்துவிடுகிறது. ஜப்பானியருக்குப் பெயரிலும் இருக்கிறது. அவர் பெயர் புன்தா தகாகுரா. தகாகுரா கென், சுகவாரா புன்தா இருவரும் அங்கே அடியாள் படங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகர்கள். ஒருவரிடமிருந்து பாதி, இன்னொருவரிடமிருந்து பாதி. நம் பக்கத்தில் ஒரு சாதுவான தலைமையாசிரியருக்கு நம்பியார் வீரப்பா என்று பெயர் வைத்தது போல.

அந்த வாடகைக் குடியிருப்பின் பெயர் மதாசுரே. தொடை உரசிப் புண்ணாவதற்கு அங்கே அந்தச் சொல். வீட்டை இழந்து வந்த குடும்பத்துக்கு இப்படியொரு விலாசம்!

"பள்ளிக்கு இரண்டு பெயர் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம். புத்தகத்தில் அது ஆக்‌ஷன் பாலர் பள்ளி, டிவியில் ஃபுதாபா பாலர் பள்ளி. கதை வெளிவந்த வார இதழின் பெயரில் ஆக்‌ஷன் இருக்கிறது, அதை வெளியிட்ட நிறுவனம் ஃபுதாபாஷா. ஷின்சான் உயிரை விடும் அந்த முகமூடி வீரனுக்கும் ஆக்‌ஷன் என்ற பெயர்தான். சோறு போட்ட இடத்தின் பெயரைக் கதை முழுக்கத் தூவியிருக்கிறார்கள்.

எனக்கு மனம் ஆறாத ஒன்று: ஷின்சானின் வகுப்பு சூரியகாந்தி வகுப்பு. ஜப்பானிய மொழியில் சூரியகாந்திக்கு என்ன சொல்? ஹிமாவாரி. தங்கையின் பெயர்! பையன் தினமும் போய் உட்காரும் வகுப்புக்கும் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் ஒரே பெயர். நம் மொழிக்கு வரும்போது வகுப்பின் பெயர் மொழிபெயர்ந்துவிட்டது, குழந்தையின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருந்த நூல் அறுந்தது. இத்தனை வருடம் பார்த்தும் பட்டறைப் பிள்ளைகள் ஒருவருக்கும் இது தெரியாது. சொன்னபோது சின்னவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

மே 12, ஏற்காட்டிலிருந்து

அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். அத்தான் இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. சீசன் என்பதால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை, பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. நான் வந்த அன்று அவன் டிவி பார்க்கவில்லை. ஷின்சான் போடட்டுமா என்றால் வேண்டாம் என்றான். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்டான்: "மாமா, ஷின்சான் நிஜமாகவே செத்துப்போய்விட்டானா?"

கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஷின்சான் என்று நிஜமாகவே ஒரு சிறுவன் இருந்தானாம். ரோட்டில் தங்கையைக் காப்பாற்றப் போய் இருவரும் கார் மோதி இறந்தார்களாம். துயரம் தாங்காத தாய் மகனை நினைத்து நினைத்து வரைந்ததுதான் இந்தக் கதையாம். பின்னணியில் சோக இசை, கறுப்பு வெள்ளைப் படம்.

முழுப் பொய். இதை எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சொல்கிறேன். பொய் என்பதற்கு இந்த இழையில் நாம் இத்தனை நாள் பேசியதே சாட்சி. கதை 1990-ல் ஒரு வார இதழில் தொடங்கியது. பெரியவர்கள் படிக்கிற இதழ் அது. வரைந்தவர் யோஷிதோ உசுயி, ஓர் ஆண், 1958-ல் பிறந்தவர், கதை நடக்கும் அதே கசுகாபே நகரத்தில் வளர்ந்தவர். 1990-ல் கதையில் தங்கையே இல்லை! ஆறு வருடம் கழித்துத்தான் பிறக்கிறாள். பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்து அந்த நினைவில் வரையும் தாய், மகளை ஆறு வருடம் மறந்திருப்பாளா? உலகத்தில் எந்தத் தாய் அப்படிச் செய்வாள்?

இதைத்தான் போர்வைக்குள் அவனுக்குச் சொன்னேன், தேதிகளோடு. விரல்விட்டு எண்ணினான். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. "அப்படியென்றால் அவள் அப்போது பிறக்கவே இல்லையே" என்றான். ஆமாம் என்றேன். "பிறக்காதவளை எப்படிக் கார் மோதும்?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மூச்சு சீரானது, தூங்கிவிட்டான்.

ஆத்தூர் சகோதரி பிழையென்று கேட்டாரே, தங்கை காணாமல் போவது, அதுதான் இந்தப் பொய்யை உடைத்தது.

மே 12, மதியம்

கதையை உருவாக்கியவருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காணொளிகள் இதையும் திரித்துவிடுகின்றன. உசுயி 2009 செப்டம்பரில் அராஃபுனே என்ற மலைக்கு நடைப்பயணம் போனார். திரும்பவில்லை. மலைச்சரிவில் விழுந்து இறந்திருந்தார். வயது 51. மறு ஆண்டிலிருந்து அவரோடு வேலை செய்த குழுவினர் புத்தகத்தைத் தொடர்கிறார்கள்.

அராஃபுனே 1,423 மீட்டர். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இன்று காலை பகோடா முனைக்குப் பையனோடு போயிருந்தேன். கம்பி வேலிக்கு அப்பால் மேகம் கீழிருந்து ஏறி வந்தது. அவன் எட்டிப் பார்க்க முயன்றபோது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், தேவைக்கு மேலேயே இறுக்கமாக. ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 13

குளிர்காலப் பகுதிகளில் குடும்பமே ஒரு தாழ்ந்த மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறதே, எழுந்து போக ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்களே, அது என்ன என்று முன்பே ஒருவர் கேட்டிருந்தார். மேசைக்கு அடியில் சூடேற்றும் கருவி இருக்கும், மேலே மெத்தைபோன்ற போர்வை, அதன்மேல் பலகை. கொதத்ஸு என்பார்கள். சேலத்தில் சித்திரை வெயிலில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கும் பிள்ளைக்கு இவர்களுக்கு என்ன பைத்தியமா என்றுதான் தோன்றும். போன மார்கழியில் இதே வீட்டில், விறகடுப்புக்குப் பக்கத்து இடத்துக்காக நானும் அக்கா மகனும் போட்டுக்கொண்ட சண்டைக்குப் பிறகு எனக்கு அந்தக் காட்சி முழுவதும் விளங்கியது. வெளியே பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றது. தண்ணீர் எடுக்க யாரும் எழவில்லை.

மே 19

சேலம் திரும்பிவிட்டேன்.

குரல் பற்றி ஒரு நீண்ட குறை எனக்கு உண்டு. ஹாரியின் சொந்த ஊர் வடக்கே அகிதா, பனி கொட்டும் பகுதி. மிட்சி தெற்கே கியூஷு தீவில் குமாமோத்தோ. இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் அவரவர் வட்டார மொழியில் பேசுவார்கள், சந்தித்தால் முட்டிக்கொள்வார்கள். பாதிச் சண்டை பேச்சிலேயே இருக்கிறது. தமிழில் எல்லோரும் ஒரே மாதிரி, எந்த ஊரும் இல்லாத தமிழ் பேசுகிறார்கள். நம்மிடம் இல்லாத வட்டார வழக்கா? அகிதாத் தாத்தாவுக்குக் கொங்குத் தமிழ் கொடுத்து, குமாமோத்தோத் தாத்தாவுக்கு நெல்லைத் தமிழ் கொடுத்திருந்தால் இந்தத் தொடர் நம் வீட்டுத் திண்ணைக்கே வந்திருக்கும். அகிதாக் கிழவர் "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று இழுத்துப் பேச, மற்றவர் வேகமாக "என்னவே" என்று எகிற, நினைத்தாலே காதில் கேட்கிறது.

ஜப்பானியக் குரலிலும் ஒரு மாற்றம் உண்டு. அகிகோ யாஜிமா என்ற பெண்தான் 1992-லிருந்து ஷின்சானுக்குக் குரல் கொடுத்தார். 2018 ஜூனில் விலகினார். ஜூலையிலிருந்து யுமிகோ கோபயாஷி. அப்பாவுக்குக் குரல் கொடுத்த கேஜி ஃபுஜிவாரா 2016-ல் உடல்நலத்துக்காக விலகி, 2020-ல் இறந்தார். அம்மாவின் குரல் மட்டும் முதல் நாளிலிருந்து அதே மிகி நராஹாஷி. இரவில் ஜப்பானிய ஒலியோடு பார்க்கும்போது அந்த ஒரு குரல்தான் எனக்கு அந்த வீட்டின் நிலைப்படி மாதிரி.

மே 27

"தங்கை இல்லையென்றால் 1996-க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆத்தூர் சகோதரி கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். அது சரியில்லை என்று அக்கா மகன் தொலைபேசியில் திருத்தினான். பள்ளியிலேயே தொடங்கிப் பள்ளியிலேயே முடிகிற கதைகளில் குழந்தை எப்படி வரும்? வராது. அந்தக் கதைகளுக்கு வேறு அடையாளம் பார்க்க வேண்டும். படம் சதுரமாக இருக்கிறதா, அகலமாக இருக்கிறதா? கோடு கையால் வரைந்தது போலத் தடித்தும் மெலிந்தும் போகிறதா, ஒரே சீராக இருக்கிறதா? பழைய பகுதிகளில் ஷின்சானின் முகம்கூட இப்போதைவிடக் கொஞ்சம் கரடுமுரடு.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்றைச் சொல்ல எனக்கு ஆசை. ஹிமாவாரிக்கு மின்னும் பொருள் என்றால் உயிர். மோதிரமோ வைரமோ எங்கே பளபளத்தாலும் கண் விரிந்துவிடும், தவழ்கிற வேகத்தில் தரையே அதிரும். சதுரப் படத்திலும் அப்படித்தான், அகலப் படத்திலும் அப்படித்தான். வேறு வேறு ஆட்கள் எழுதி, வேறு வேறு கைகள் வரைந்தும் அந்தக் குழந்தையின் ஆசை ஒரு குன்றிமணி அளவுகூட மாறவில்லை. எங்கள் பட்டறையில் மெருகு போட்டுக் குவித்த கொலுசுகளின் நடுவே முதலாளியின் கடைசிப் பேத்தி தவழ்ந்து வரும்போது எல்லோரும் அவளை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். போன வாரம் எடை போட்டு வைத்த ஒரு ஜோடியில் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு மணி எச்சிலோடு இருந்தது. துடைத்து, திரும்ப எண்ணி, ஜோடி சேர்த்தேன்.

ஜூன் 7

இன்று மாலை டிவியில் மிட்சி நிறைமாதம். ஹாரி பதற்றத்தில் காலணியை மாற்றிப் போடுகிறார். நாளை என்ன போடுவார்கள் என்று பட்டறையில் பந்தயம். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 8

ஹிமாவாரி பிறந்துவிட்டாள். நேற்றையதற்கு அடுத்த பகுதியையே போட்டார்கள். ஏற்காட்டிலிருந்து ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. எடுத்ததும் அவன் சொன்னது: "மாமா, வரிசையாக வந்துவிட்டது!"